எச்சிலிடம் கேட்க வேண்டிய கேள்வி

ஈறு நோய் விஷயத்தில் எங்கள் தொழிலில் அளக்கப்படுபவை ஏறக்குறைய எல்லாமே நடந்து முடிந்தவை. நுனி மழுங்கிய, மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கிறோம். ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடம். ஞானப்பற்களை விட்டுவிட்டு 28 பற்களுக்கும் பார்த்தால் 168 எண்கள். மூன்று மில்லிமீட்டர் வரை இறங்கினால் கவலையில்லை. நான்கும் அதற்கு மேலும் என்றால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது என்று பொருள். பிறகு எக்ஸ்ரே எடுத்து, பல்லைத் தாங்கும் எலும்பு எந்த மட்டத்துக்குக் கரைந்திருக்கிறது என்று பார்க்கிறோம். இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்த மனிதர் இதுவரை எவ்வளவு இழந்திருக்கிறார் என்பது நன்றாகவே தெரிந்துவிடும். எப்போது இழந்தார் என்பது தெரியாது. இந்த வாரமும் இழந்துகொண்டிருக்கிறாரா என்பது சுத்தமாகத் தெரியாது. பல் மருத்துவராகிப் பல வருடங்கள் ஆன பிறகும் இந்த இடைவெளி எனக்குப் பழகவில்லை.

அண்ணன், தம்பி இருவர் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள். அண்ணனுக்கு ஐம்பது வயது, தம்பிக்கு நாற்பத்திரண்டு. இருவருக்கும் பின்பற்களில் ஐந்து மில்லிமீட்டர் பைகள். எக்ஸ்ரேயிலும் தோராயமாக ஒரே அளவு எலும்பு இழப்பு, வேரின் நீளத்தில் 45 சதவீதம் வரை. இருவரும் புகை பிடிப்பதில்லை. ஒருநாள் தம்பி தன் அட்டவணையையும் அண்ணனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: “டாக்டர், அண்ணனுக்கும் எனக்கும் ஒரே எண்களைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அவர் பல் கல்லுப்போல் நிற்கிறது. என் கடைவாய்ப் பல் போன வருடத்தைவிட இப்போது அதிகமாக அசைகிறது. அப்படியானால் இந்த எண்கள் எதைத்தான் சொல்கின்றன?” பாடப்புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஈறு நோய்க்கான உமிழ்நீர்ச் சோதனைகளைப் பற்றி எனக்கு இன்று இருக்கும் கருத்து அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் உருவானது.

பாடப்புத்தகப் பதில் இதுதான். 2017-இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் கூடி, 2018-இல் வெளியிட்ட புதிய வகைப்பாட்டின்படி நோய்க்கு நிலை உண்டு, தரம் உண்டு. எவ்வளவு சேதம் என்பதை நிலை சொல்லும். எவ்வளவு வேகம் என்பதைத் தரம் சொல்லும். பழைய எக்ஸ்ரேக்கள் கையில் இல்லாவிட்டால், மிக மோசமான இடத்தில் எலும்பு இழப்பு எத்தனை சதவீதமோ அதை நோயாளியின் வயதால் வகுக்க வேண்டும். ஒன்றைத் தாண்டினால் வேகமான நோய். அண்ணனுக்கு 45-ஐ 50-ஆல் வகுத்தால் 0.9, நடுத்தர வேகம். தம்பிக்கு 45-ஐ 42-ஆல் வகுத்தால் 1.07, வேகமான நோய். தம்பியின் கேள்விக்கு இது ஒரு பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். நோயின் வேகத்தைக்கூடக் கடந்த காலத்தை ஆயுளால் வகுத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். முப்பதாம் வயதில் இரண்டே வருடத்தில் அத்தனை எலும்பையும் இழந்துவிட்டு அதன்பின் பன்னிரண்டு வருடம் ஒன்றும் இழக்காதவருக்கும், போன மாதம்வரை நன்றாக இருந்துவிட்டு இப்போது சரசரவென்று இழப்பவருக்கும் இந்தக் கணக்கு ஒரே விடையைத் தரும்.

இது வெறும் கற்பனையும் இல்லை. ஈறு நோய் ஒரே சீராக முன்னேறுவதில்லை, நெடுநாள் அடங்கிக் கிடந்துவிட்டுத் திடீர் திடீரென்று வெடித்துக் கிளம்புகிறது என்ற கருத்தை சொக்ரான்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984-இலேயே முன்வைத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து ஹரால்ட் லோ குழுவினர் வெளியிட்ட இலங்கை ஆய்வு என்னை இன்னும் ஆழமாகப் பாதித்தது. பல் துலக்கும் வழக்கமோ பல் சிகிச்சை வசதியோ இல்லாத தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை 1970-இலிருந்து பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எல்லோர் பல்லிலும் அழுக்குப் படலம், காரை. எல்லோருக்கும் ஈறு வீக்கம். ஆனாலும் ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்கு நோய் மிக வேகமாகப் போயிற்று. 81 சதவீதத்தினருக்கு மிதமாக. 11 சதவீதத்தினருக்கோ ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் நகரவே இல்லை. அந்தத் தொழிலாளர்களின் வாய்க்குள் ஒருவர் அத்தனை ஆண்டுகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர்களுக்கு ஒரு தூரிகைகூடப் போய்ச் சேரவில்லையே என்ற வருத்தம் அந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும். அதை இங்கே விட்டுவிடுகிறேன். ஆய்வு காட்டிய உண்மை வலுவானது: அழுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உடல்கள் ஒன்றுபோல் பதில் கொடுப்பதில்லை. பல்லைப் பறிப்பதில் கிருமிக்கு இருக்கும் பங்கைவிடக் குறையாத பங்கு, அந்தக் கிருமியைப் பார்த்து உடல் காட்டும் ஆத்திரத்துக்கு உண்டு.

ஆகவே, இப்போது என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், உடலின் அந்த ஆத்திரத்தை அளக்க ஒரு வழி வேண்டும். கம்பி பட்டதும் ஈறில் இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. கசியவே இல்லை என்றால் அந்த இடம் அமைதியாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கசிந்தால்? கசியும் இடங்களில் பலவும் எலும்பை இழக்காமலே வருடக்கணக்கில் கிடக்கின்றன. புகை பிடிப்பவர்களிடம் இதுவும் ஏமாற்றிவிடும். நோய் முற்றியிருக்கும், இரத்தம் வராது. இந்த இடத்தில்தான் எச்சில் உள்ளே வருகிறது.

எச்சிலுக்குள் வந்து சேர்வது

நாள் ஒன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மூன்று இணைப் பெரிய சுரப்பிகளும் உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் விரவிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகளும் சேர்ந்து அதைத் தருகின்றன. மிச்சமிருக்கும் ஒரு சதவீதத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் உண்டு. 2008-இல் வெளியான ஒரு பெரிய பட்டியலில் சுரப்பி நாளங்களிலிருந்து நேரடியாக எடுத்த உமிழ்நீரில் மட்டும் 1,166 புரதங்கள் அடையாளம் காணப்பட்டன. ஆனால் ஈறு நோயைத் தேடுபவருக்கு வேண்டியது சுரப்பியிலிருந்து வருவதன்று. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஒரு நீர் சதா கசிந்துகொண்டிருக்கிறது. நலமான ஈறில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு. வீங்கிய ஈறில் பல மடங்கு. அந்த நீர், அதோடு வெளியேறும் வெள்ளை அணுக்கள், உதிரும் செல்கள், கிருமிகள், சில சமயம் துளி இரத்தம் எல்லாம் வாய்க்குள் வழிந்து எச்சிலோடு கலக்கின்றன. நாம் துப்புவது இந்தக் கலவையை.

அந்தக் கலவையில் எதைப் பிடிப்பது என்பதில்தான் ஆய்வாளர்களின் ஆண்டுகள் கழிந்தன. முதலில் கிருமிகளைத் தேடினார்கள். 1998-இல் சொக்ரான்ஸ்கி, ஈறுக்கு அடியில் வாழும் பாக்டீரியாக்களை வண்ணங்களாகப் பிரித்துக் கூட்டம் கூட்டமாகக் காட்டினார். அதில் சிவப்புக் கூட்டம் என்ற மூன்றும், குறிப்பாக போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், கெட்ட பெயரெடுத்தவை. எச்சிலில் அவற்றை எண்ணிவிடலாம். இன்றைய மரபணுச் சோதனைகளுக்கு அது சிரமமே இல்லை. ஆனால் ஈறு நலமாக இருப்பவர்களின் வாயிலும் அவை இருக்கத்தான் செய்கின்றன. தோட்டத் தொழிலாளர்களின் கதையை ஒருமுறை நினைத்துக்கொண்டால், கிருமியின் தலையை மட்டும் எண்ணுவது ஏன் போதாது என்பது விளங்கும்.

பிறகு உடலின் பக்கம் திரும்பினார்கள். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா, ஈறுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் நார்ப்புரதமான கொலாஜனை அறுக்கும் நொதி எம்எம்பி-8, எலும்பின் கொலாஜன் அறுபடும்போது உதிரும் ஒரு துணுக்கு ஆகியவை அதிகம் ஆராயப்பட்டவை. மூன்றும் மூன்று கட்டங்களைச் சொல்பவை என்று கொள்ளலாம்: சண்டை மூண்டது, திசு அறுபடுகிறது, எலும்பு கரைகிறது. கொலாஜனை வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது என்பதே 1962-இல்தான் தெரிய வந்தது. தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது அதன் வால் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாபியரும் வாலின் கொலாஜனைக் கரைக்கும் நொதியைக் கண்டெடுத்தார்கள். நம் ஈறில் அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்எம்பி-8 நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களுக்குள் செயலற்ற வடிவில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. கிருமியை எதிர்க்க வந்த அணு அதை வெளியே கொட்டுகிறது. அங்கே அது விழித்துக்கொண்டு, பல்லை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார்களையே வெட்டத் தொடங்குகிறது. எதிரியைத் தேடி வந்த படை நம் வீட்டுத் தூணை அறுப்பதுபோல. இந்த நோயில் எனக்கு எப்போதும் மனம் கனக்கும் பகுதி இது.

ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் டிமோ சொர்சா பல பத்தாண்டுகளாக இந்த ஒரே நொதியின் பின்னால் நடந்தவர். செயலற்ற வடிவத்தை விட்டுவிட்டு விழித்துக்கொண்ட வடிவத்தை மட்டும் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அது சரியான பிடிவாதம். அந்த வழியில் வந்த சோதனை இன்று மருத்துவரின் நாற்காலி அருகிலேயே செய்யக்கூடியதாக இருக்கிறது. வாயைக் கொப்பளித்த நீரைச் சில துளி ஒரு சிறு அட்டையில் விட்டால் ஐந்து நிமிடத்தில் கோடு விழும். ஒரு மில்லிலிட்டரில் 20 நானோகிராம் என்ற வரம்பைத் தாண்டினால் இரண்டாவது கோடு. கர்ப்பம் பார்க்கும் அட்டையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அண்ணனின் இரண்டாவது கோடு

அந்தச் சோதனையைப் பயன்படுத்தத் தொடங்கியபோது இந்தச் சகோதரர்கள் இருவருக்கும் செய்து பார்த்தேன். தம்பியின் கேள்விக்கு இதில் விடை இருக்கும் என்று நினைத்தேன். ஒருவருக்குக் கோடு விழும், மற்றவருக்கு விழாது என்பதே எதிர்பார்ப்பு. தம்பிக்கு இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்தது. அண்ணனுக்கும் விழுந்தது. ஆண்டுக்கணக்காக ஓர் எண்கூட மாறாத வாய், சுத்தமான பற்கள், இரத்தக் கசிவு அநேகமாக இல்லை. அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோடு இருந்தது.

அண்ணன் பதறிவிட்டார். “நானும் தம்பி மாதிரி ஆகப்போகிறேனா, டாக்டர்?” என்று கேட்டார். அவர் முகத்தில் அந்த நிமிடம் வந்த பயம், இந்தச் சோதனைகளை நேரடியாக வீடுகளுக்கு விற்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு துண்டு அட்டையில் விழுந்த கோடு, பல வருட ஆறுதலை ஒரு நொடியில் அழித்துவிட்டது. அவர் வாயை மறுபடி முழுவதும் பார்த்தேன். கீழ்த்தாடையின் கடைசியில், பாதி முளைத்து நின்ற ஞானப்பல்லை மூடியிருந்த ஈறு மடிப்பு சிவந்து, அழுத்தினால் வலிக்கும்படி இருந்தது. கேட்டபோதுதான் சொன்னார், இரண்டு மூன்று நாளாக அந்தப் பக்கம் மெல்லவில்லை என்று. அதற்குச் சிகிச்சை செய்து, அடங்கிய பிறகு மறுபடி சோதித்தபோது இரண்டாவது கோடு இல்லை.

என் சக மருத்துவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “பார்த்தீர்களா, தவறான முடிவு, அதனால்தான் நான் இதைத் தொடுவதே இல்லை” என்றார். நான் அன்று இரவு முழுவதும் அதை யோசித்தேன். தவறான முடிவு என்று எனக்குப் படவில்லை. வாய்க்குள் எங்கோ நியூட்ரோஃபில்கள் திரண்டு கொலாஜனை வெட்டிக்கொண்டிருக்கின்றன என்று எச்சில் சொன்னது, அது உண்மை. எந்தப் பல், எந்தப் பை, இது நாள்பட்ட ஈறு நோயா வேறு அழற்சியா என்று நான் கேட்டேன். அதற்கு விடை சொல்லும் தகுதி அதற்கு இல்லை. 168 இடங்களிலிருந்து வழிவது ஒன்றாகக் கலந்த பிறகு முகவரி அழிந்துவிடுகிறது. கம்பிக்கு ஒவ்வோர் இடத்தின் முகவரியும் தெரியும், காலம் தெரியாது. எச்சிலுக்குக் காலம் தெரியும், முகவரி தெரியாது. இந்த இரண்டில் ஒன்றை இன்னொன்றுக்குப் பதிலாக வைக்கலாமா என்று எங்கள் கூட்டங்களில் நடக்கும் விவாதம் அன்றிரவு எனக்கு அர்த்தமற்றதாகிப் போனது. எச்சிலிடம் கேட்க வேண்டியது வேறு கேள்வி: இந்த வாயை இப்போதே திறந்து பார்க்க வேண்டுமா, காத்திருக்கலாமா?

தம்பியின் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு விடை இருந்தது. கம்பியின் எண்கள் மாறவில்லை என்பதால் வழக்கப்படி ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருப்பேன். கோட்டைப் பார்த்த பிறகு பைகளுக்கு அடியில் மறுபடி சுத்தம் செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்தேன். அடுத்த ஆண்டு எக்ஸ்ரேயில் எலும்பு அதே மட்டத்தில் நின்றது. இதைச் சோதனையின் வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கோடு விழாதிருந்தாலும் எலும்பு நின்றிருக்கலாம். அடிக்கடி சுத்தம் செய்ததே காரணமாக இருக்கலாம். வெடிப்பு தானாகவே அடங்கியிருக்கலாம். ஒரு மனிதரின் வாயை வைத்து ஒரு சோதனையை நிரூபிக்க முடியாது. ஆனால் அவரை முன்கூட்டியே அழைக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது, அதற்குமுன் அந்தக் காரணம் இல்லை.

துப்புவது எளிது என்று யார் சொன்னது

எச்சில் சோதனையை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்வது, ஊசி வேண்டாம், வலி இல்லை, யாரும் எடுக்கலாம் என்பதை. எல்லாம் சரிதான். ஆனால் எடுப்பது சுலபம் என்பதால் அளப்பதும் சுலபம் என்று எண்ணிவிடக்கூடாது. தூண்டுதல் இல்லாமல் தானாக ஊறும் உமிழ்நீர் நிமிடத்துக்கு 0.3 அல்லது 0.4 மில்லிலிட்டர் அளவில் வருகிறது. எதையாவது மென்றால் பல மடங்காகிறது. மென்று துப்பிய எச்சிலில் அதே நொதி நீர்த்துப்போய் வரம்புக்குக் கீழே விழலாம். தூக்கத்தில் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது, பகலின் பின்பாதியில் கூடுகிறது; ஆகவே காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்கு எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளில் பலவும் வாயை உலர்த்துகின்றன. உலர்ந்த வாயில் எல்லாமே செறிவாகத் தெரியும். சாப்பிட்ட உடனே, பல் துலக்கிய உடனே எடுத்தால் இரத்தமும் உணவுத் துகளும் கலந்துவிடும்.

எடுத்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. எச்சிலில் உள்ள நொதிகளும் உயிரோடு இருக்கும் பாக்டீரியாக்களும் நாம் தேடும் புரதங்களைக் குழாய்க்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும். அதனால்தான் ஆய்வகங்களில் துப்பியதை உடனே பனிக்கட்டியில் வைத்து, சுழற்றித் தெளியவைத்து, மைனஸ் 80 பாகையில் உறையவைக்கிறார்கள். ஒரு குழு எச்சிலை வடியவிட்டுச் சேர்க்கிறது, இன்னொரு குழு கொப்பளித்த நீரை எடுக்கிறது, மூன்றாவது குழு பஞ்சை மெல்லச் சொல்கிறது. பிறகு மூவரின் எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டு வாதாடுகிறோம். எந்த வரம்பு சரி என்று ஒத்த கருத்து வர இத்தனை காலம் பிடிப்பதற்கு இதுவும் காரணம். ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது முடிவுகளை அல்ல, எச்சிலை எப்படி எடுத்தார்கள் என்ற பத்தியை. அது இரண்டே வரியில் முடிந்துவிட்டால் மேற்கொண்டு படிக்கும் ஆர்வம் குறைந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல், நாம் யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. பெரும்பாலான ஆய்வுகள் முற்றிய நோயாளிகளை ஒரு பக்கம், துளி வீக்கம்கூட இல்லாதவர்களை மறுபக்கம் நிறுத்தி எச்சிலை ஒப்பிடுகின்றன. அந்த இரண்டு பேரையும் வேறுபடுத்திக் காட்ட எனக்குச் சோதனை தேவையே இல்லை. உதட்டை விலக்கிப் பார்த்தாலே போதும். சோதனை தேவைப்படுவது நடுவில் இருப்பவர்களுக்கு: ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கும், பை ஆழமில்லை, இது எலும்புக்கு இறங்குமா இறங்காதா என்று தெரியாது. அங்கே எச்சிலின் பேச்சு தடுமாறுகிறது, ஏனென்றால் வெறும் ஈறழற்சியிலும் நியூட்ரோஃபில்கள் வருகின்றன, நொதியும் கூடுகிறது. நலமாக இருக்கும்போதே எச்சிலைச் சேர்த்து வைத்து, சில ஆண்டுகள் பின்தொடர்ந்து, எலும்பை இழந்தவர்களின் பழைய எச்சிலில் என்ன இருந்தது என்று திரும்பிப் பார்க்கும் ஆய்வுகள்தான் இதைத் தீர்க்க முடியும். அவை மெதுவானவை, செலவு பிடிப்பவை, செய்பவருக்கு உடனடிப் பெயர் வாங்கித் தராதவை. அப்படிப்பட்ட ஆய்வுகளை நான் மனதார மதிக்கிறேன்.

கம்பி போய்ச் சேராத இடங்கள்

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தச் சோதனை பரவ வேண்டும் என்று விரும்புகிறேன். காரணம் என் மருத்துவ அறைக்கு வெளியே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி உலகில் நூறு கோடிக்கும் அதிகமானோர் கடுமையான ஈறு நோயோடு வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் ஈறுக்குள் எந்தக் கம்பியும் இறங்கியதில்லை, இறங்கப்போவதும் இல்லை. பல் சொத்தை வலியால் மனிதரை இழுத்து வந்துவிடும். ஈறு நோய் வலிக்காது. பல் ஆடும்வரை யாரும் வரமாட்டார்கள். கம்பி பிடிக்கத் தெரிந்த கைகளோ மிகக் குறைவு. பிடிக்கத் தெரிந்தவர்களுக்குள்ளேயே ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு சாதாரணம்.

ஆனால் அதே மனிதர்கள் சர்க்கரை நோய்க்காக மருத்துவமனைக்கு மாதம் தவறாமல் போகிறார்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் கடுமையாகிறது. கடுமையான ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதை மேலும் சிரமமாக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைச் சோதனை 7 சதவீதத்தைத் தொட்டாலே ஈறு நோயை வேகமானது என்று தரப்படுத்தச் சொல்லும் அளவுக்கு இந்தத் தொடர்பு எங்கள் வகைப்பாட்டிலேயே ஏறியிருக்கிறது. அங்கே இரத்தம் எடுக்கும் செவிலியர் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னால் போதும். கோடு விழுந்தவரைப் பல் மருத்துவரிடம் அனுப்பட்டும். முகவரி கண்டுபிடிக்கும் வேலையைக் கம்பி பார்த்துக்கொள்ளும். வாய்நீரைக் கொண்டு செய்யும் எச்ஐவி விரைவுச் சோதனைக்கு அமெரிக்காவில் 2004-இல் ஒப்புதல் கிடைத்தது, 2012-இல் அது வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனையாகவும் வந்தது. அங்கேயும் கோடு விழுந்தால் அத்துடன் முடிவதில்லை, உறுதிப்படுத்தும் சோதனைக்குப் போக வேண்டும். அந்த ஒழுங்கை நாங்களும் கடைப்பிடித்தால் போதும்.

அப்படி அனுப்புவதற்கும் ஒரு விலை உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் பேசக்கூடாது. எடுத்துக்காட்டாக, நோயுள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் பத்துக்கு எட்டுப் பேரைச் சரியாக விடுவிக்கும் ஒரு சோதனை என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. நூறு பேரில் இருபது பேருக்கு நோய் இருக்கும் கூட்டத்தில் அதைச் செய்தால், நோயுள்ள பதினாறு பேருக்குக் கோடு விழும். நோயில்லாத எண்பது பேரில் பதினாறு பேருக்கும் விழும். கோடு விழுந்தவர்களில் சரிபாதிப் பேர் வீணாகப் பயந்திருப்பார்கள். அதே சோதனையை நூற்றில் அறுபது பேருக்கு நோய் இருக்கும் கூட்டத்தில் செய்தால் கோடு விழும் ஐம்பத்தாறு பேரில் நாற்பத்தெட்டுப் பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும். அட்டை ஒன்றுதான், யார் வாயில் செய்கிறோம் என்பதில் அதன் மதிப்பு மாறுகிறது. நோய் அதிகமிருக்கும் சர்க்கரை நோயாளிகளிடம் இதைக் கொண்டுபோகச் சொல்லும் நானே, ஆரோக்கியமான இளைஞர்களின் குளியலறை அலமாரிக்கு இது போவதை எதிர்ப்பது இதனால்தான். அண்ணனின் முகத்தில் பார்த்த பயத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவர் இருந்தார், ஞானப்பல்லைக் கண்டுபிடித்தார். வீட்டில் தனியாக அந்தக் கோட்டைப் பார்ப்பவருக்கு யார் இருக்கிறார்கள்?

எச்சில் சோதனை விற்பவர்கள் இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறார்கள். நொதி ஒன்றை அளப்பது, கிருமிகளின் மரபணுவைப் பட்டியலிடுவது, கைபேசியில் வண்ணச் சக்கரம் காட்டுவது என்று விதவிதமாக. எச்சிலை எந்த நேரத்தில், எப்படி எடுக்கச் சொல்கிறீர்கள் என்று முதலில் கேட்பேன். ஈறழற்சி மட்டும் உள்ளவர்களையும் எலும்பை இழப்பவர்களையும் உங்கள் அட்டை பிரித்துக் காட்டுகிறதா என்று அடுத்துக் கேட்பேன். இந்த இரண்டையும் தாண்டி வருபவர்களிடம் கடைசியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: கோடு விழுந்தவர் அடுத்துப் போய்ப் பார்க்க வேண்டிய ஆளை நீங்கள் ஏற்பாடு செய்திருக்கிறீர்களா?